"இப்போ என்ன வாங்குறீங்க?"

நேர்காணல் நன்றாகவே போய்க்கொண்டிருக்கும். கடைசியில் ஹெச்.ஆர். இந்தக் கேள்வியைப் போடுவார். பலர் தடுமாறுவது இங்கேதான்.

கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா? கூடாது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஃபார்ம் 16-ம் (பிடித்த வருமான வரிக்கு நிறுவனம் தரும் சான்று) கேட்பது இங்கே வழக்கம். எங்கே, எப்போதிலிருந்து எப்போதுவரை வேலை பார்த்தீர்கள் என்பதை உங்கள் யுஏஎன் (பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க எண்) காட்டிக்கொடுத்துவிடும். சேர்ந்த பிறகு பொய் வெளிப்பட்டால் புது வேலை போகும், பழையதையும் விட்டிருப்பீர்கள்.

சொல்லாமலே இருக்க முடியுமா? கலிபோர்னியாவில் வேலை கேட்டு வருபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதற்கே 2018 முதல் சட்டத்தில் தடை உண்டு. இந்தியாவில் அப்படிப்பட்ட தடை இல்லை, கேட்கத்தான் செய்வார்கள். ஆனாலும் கேட்டவுடன் எண்ணைச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. "இந்தப் பொறுப்புக்கு எவ்வளவு வரைக்கும் யோசிச்சிருக்கீங்க மேடம்? தெரிஞ்சா பேச வசதியா இருக்கும்" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராமல் மறுபடி அதையே கேட்டால், உண்மையைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் எதிர்பார்ப்பையும் சொல்லுங்கள்: "இப்போ நாலு லட்சம். ஆனா இந்த வேலையில பொறுப்பு அதிகம், ஆறு எதிர்பார்க்கிறேன்."

பழைய சம்பளமே அநியாயத்துக்குக் குறைவு என்றால்? குழந்தைக்காக இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்கள் பலருக்கு இந்த நிலைமை. பழைய சம்பளத்தின்மேல் முப்பது சதவீதம் ஏற்றித் தருகிறோம் என்றால் பழைய குறைவு உங்களை விடாமல் துரத்தும். சதவீதக் கணக்குக்குள் போகாதீர்கள். இந்த வேலைக்கு வெளியே என்ன தருகிறார்கள் என்று விசாரித்து வைத்து, அதை வைத்தே பேசுங்கள்.

ஆறு லட்சம் என்றால் மாதம் ஐம்பதாயிரம் கைக்கு வருமா? வராது. அது சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு). அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வையுங்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். 3,000, நீங்கள் கட்டுவது 3,000, பணிக்கொடைக்கு ஏறக்குறைய 1,200. மிஞ்சுவது 42,800. சி.டி.சி.யில் பத்து சதவீதம் 'வேரியபிள்' (வேலையின் தரம் பார்த்துப் பிறகு தருவது) என்றால், மாதம் 37,800-தான். ஆகவே "கைக்கு எவ்வளவு? வேரியபிள் எவ்வளவு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சம்பளப் பேச்சு முடிந்து, உங்களைப் பற்றி விசாரிக்க "உங்க இப்போதைய மேனேஜர் நம்பர் கொடுங்க" என்றால்? கொடுக்காதீர்கள். வேறு வேலை தேடுவது தெரிந்தால் இருக்கிற இடத்தில் சிக்கல். "ஆஃபர் லெட்டர் வந்ததும் தர்றேன், அதுவரைக்கும் என் பழைய டீம் லீட்கிட்ட பேசலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

முன்பு ஓரிடத்தில் வேலையை விட்டு அனுப்பியிருந்தால்? விசாரித்தால் தெரிந்துவிடும், அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள் என்று இரண்டே வாக்கியம். பழைய முதலாளியைக் குறை சொல்லத் தொடங்கினால் பேச்சு நீளும், சந்தேகமும் வளரும்.

யாருடைய எண்ணைக் கொடுத்தாலும், அவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். என்ன வேலை, எந்த நிறுவனம், எந்த வாரம் அழைப்பு வரலாம் என்று சொல்லி வையுங்கள். தெரியாத எண் என்றால் இப்போது பலரும் போனை எடுப்பதே இல்லை.