சூயஸ் அடைபட்டால் ஹட்டனுக்கு என்ன?

1967 ஜூன் மாதம் ஆறே நாளில் முடிந்த சண்டை, சூயஸ் கால்வாயை எட்டு வருடம் மூடிவைத்தது. கிழக்குக் கரையில் இஸ்ரேலியப் படை, மேற்குக் கரையில் எகிப்தியப் படை. நடுவே கிரேட் பிட்டர் ஏரியில் பதினான்கு சரக்குக் கப்பல்கள் முன்னேயும் போக முடியாமல், பின்னேயும் திரும்ப முடியாமல் 1975 வரை நங்கூரமிட்டுக் கிடந்தன. பாலைவன மணல் படிந்து நிறம் மாறியதால் ‘மஞ்சள் கப்பற்படை’ என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது.

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ரயிலேறிய தேயிலைப் பெட்டிகள், கொழும்பில் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போன வழி அந்தக் கால்வாய்தான். அது அடைபட்டதும் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற வேண்டியதாயிற்று. நாளும் கூடியது, கப்பல் கூலியும் கூடியது. மலையில் கொழுந்து எடுக்கிறவளுக்கு எகிப்து ஜனாதிபதி நாசர் யார், இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் மோஷே தயான் யார் என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. அவர்கள் சண்டையின் செலவில் ஒரு பங்கு அவளுடைய தோட்டத்தின் கணக்கிலும் ஏறியது.

1973 அக்டோபரில் நடந்த அடுத்த போர் இன்னும் கிட்ட வந்தது. எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் கொடுத்ததும், அரபு நாடுகள் எண்ணெயை ஆயுதமாக எடுத்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற எண்ணெய், சில மாதங்களிலேயே 11 டாலரைத் தாண்டியது. எண்ணெய் ஏறினால் உரம் ஏறும், கப்பல் கூலி ஏறும், இறக்குமதியாகும் கோதுமை மாவும் ஏறும். தோட்ட மக்களின் மூன்று வேளைச் சாப்பாடும் அந்த மாவில் சுட்ட ரொட்டியை நம்பித்தான் இருந்தது. வயலோ வீட்டுத் தோட்டமோ வைத்துக்கொள்ள லயத்து மனிதருக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் கிடையாது.

1973, 1974 ஆகிய இரண்டு வருடங்களில் மலையகத்தில் பட்டினிச் சாவுகள் நடந்தன. எல்லாப் பழியையும் போர் நடந்த சினாய்ப் பாலைவனத்தின் மேல் போடுவது நியாயமாகாது. உலகச் சந்தையில் தானிய விலை 1972-லேயே ஏறத் தொடங்கியிருந்தது. இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது கொழும்பு அரசு. பங்கீடு குறைந்தபோது மாற்று வழி இல்லாமல் நின்றவர்கள் தோட்டத்தார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா போவதா, இருப்பதா என்று தயங்கிக்கொண்டிருந்த பல குடும்பங்களைத் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குத் தள்ளிவிட்டதில் அந்தப் பசிக்கும் பங்குண்டு.

அதே 1973 போர்தான் சமாதானத்துக்கும் ஒரு சந்து திறந்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிசிஞ்சர் கெய்ரோவுக்கும் ஜெருசலேமுக்கும் மாறி மாறிப் பறந்து, படைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கவைத்தார். 1975 ஜூன் 5-ஆம் திகதி கால்வாய் மறுபடி திறந்தது. 1977 நவம்பரில் எகிப்து ஜனாதிபதி அன்வர் சதாத் யாரும் எதிர்பாராமல் ஜெருசலேமுக்கே போனார். 1978-இல் கேம்ப் டேவிட் உடன்பாடு, 1979 மார்ச்சில் ஒப்பந்தம். 1967-இல் இழந்த சினாய் எகிப்துக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது. சதாத்தை 1981-இல் அவருடைய சொந்த இராணுவத்தினரே சுட்டுக் கொன்றார்கள்.

ஆனால் கேம்ப் டேவிட்டில் பலஸ்தீனருக்காக எழுதிய சுயாட்சிப் பக்கம் ஏட்டோடு நின்றது. நோர்வே இரகசியமாகப் பேசவைத்து 1993-இல் ஒஸ்லோ உடன்பாட்டைக் கொண்டுவந்தபோதும் அதே கதைதான். எல்லை, ஜெருசலேம், அகதிகள், யூதக் குடியேற்றங்கள் என்ற நான்கு பெரிய கேள்விகளும் ‘பிறகு பேசலாம்’ என்று ஒதுக்கப்பட்டன. ஐந்து வருடத்தில் பேசி முடிப்பதாக ஏற்பாடு. இஸ்ரேல் பிரதமர் ராபினை 1995-இல் ஒரு யூதத் தீவிரவாதி கொன்றான். 2000-ஆம் ஆண்டு மறுபடி கேம்ப் டேவிட்டில் கூடியவர்கள் வெறுங்கையோடு கலைந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே நோர்வே இலங்கையிலும் போர்நிறுத்தம் ஒன்றை எழுதவைத்தது. அது எப்படி முடிந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையில் தேயிலையின் வாடிக்கையாளரும் மாறிவிட்டார்கள். லண்டன் பின்னுக்குப் போய், ஈராக், ஐக்கிய அரபு அமீரகம், துருக்கி, ஈரான், லிபியா என்று பட்டியல் முன்னுக்கு வந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த நாட்டார் விரும்பிக் குடிக்கும் கறுத்த, முறுகிய இலை பெரும்பாலும் காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. நுவரெலியாவின் வெளிறிய, வாசமான தேயிலைக்கு வேறு சந்தை. இருந்தாலும் இரண்டும் விலைபோவது ஒரே கொழும்பு ஏலத்தில்தான். அரபு நாடல்லாவிட்டாலும் இஸ்ரேலுடனான சண்டையில் ஆழமாக இறங்கியிருக்கும் ஈரானுக்கு இலங்கை தரவேண்டியிருந்த எண்ணெய்க் கடன் 25 கோடி டாலர். அதைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் உடன்பாடு ஆனது.

2023 அக்டோபர் 7-ஆம் திகதி ஹமாஸ் தாக்குதலும், அதைத் தொடர்ந்து காசா மீது நடந்த போரும் பழைய ஏட்டை மறுபடி புரட்டின. ஏமனின் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கவே, சூயஸ் மூடப்படாமலே வெறிச்சோடியது. ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் 1967-இல் போன அதே ஆப்பிரிக்கச் சுற்றுப்பாதைக்குத் திரும்பின.

இலங்கை இந்த விவகாரத்தில் எந்தப் பக்கம்? அது அந்தந்தக் காலத் தேவையைப் பொறுத்தது. 1970-இல் சிறிமாவோ அரசு இஸ்ரேலுடன் உறவை முறித்தது. 1984-இல் தமிழ் இயக்கங்களை அடக்க உதவி வேண்டி, ஜே.ஆர். ஜெயவர்த்தனா அமெரிக்கத் தூதரகத்துக்குள்ளேயே இஸ்ரேலுக்கு ஓர் அறை திறந்துவிட்டார். 1990-இல் பிரேமதாசா அதை மூடினார். 2000-ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்த கையோடு உறவு மறுபடி துளிர்த்தது. வடக்கில் குண்டு போட்ட கிபிர் விமானங்கள் இஸ்ரேலில் செய்தவை. பலஸ்தீனுக்கு ஆதரவான அறிக்கைகளும் ஒரு பக்கம் தவறாமல் வந்துகொண்டேதான் இருந்தன.

இப்போது ஆட்களும் இரண்டு பக்கமும் போகிறார்கள். தோட்டத்துப் பெண்கள் குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டுவேலைக்குப் போவது பல வருடப் பழக்கம். லயத்து வரிசையில் சிமெந்து பூசிய முன்வாசல் தெரிந்தால் அந்த வீட்டில் யாரோ வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். காசா போர் தொடங்கியதும் இஸ்ரேல் பலஸ்தீனத் தொழிலாளரின் அனுமதியை நிறுத்தியது. தாய்லாந்துக்காரர் பலர் ஊர் திரும்பினர். இஸ்ரேலிய வயல்களுக்குப் 10,000 பேர் வரை அனுப்ப இலங்கை 2023 நவம்பரில் உடன்பட்டது. மண்வேலை தெரிந்த மலையக இளைஞருக்கு அந்தச் செய்தி சும்மா காதில் விழுந்து போயிருக்காது.

குவைத்தும் லெபனானும் இஸ்ரேல் முத்திரை பதிந்த கடவுச்சீட்டை ஏற்பதில்லை. இஸ்ரேலில் ஒப்பந்தம் முடித்து வருகிறவர், குவைத்திலிருக்கும் அக்காளிடம் அடுத்த வேலைக்குச் சொல்லிவைக்குமுன் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.