கட்டுவிரியன் கடி: நரம்பு முனையில் நிகழ்வது என்ன?

அதிகாலையில் ஒருவர் வயிற்று வலியோடு கண் விழிக்கிறார். உடலில் காயமோ வீக்கமோ இல்லை. சற்று நேரத்தில் இமைகள் தாமாகச் சரிகின்றன, எச்சிலை விழுங்க இயலவில்லை, பேச்சுக் குழறுகிறது. முந்தைய இரவு அவர் தரையில் பாய் விரித்து உறங்கியவர் எனில், நாங்கள் கட்டுவிரியன் கடியை ஐயுறுகிறோம். இப்பாம்பின் பற்கள் மிகச் சிறியவை. கடித்த வலியும் தடமும் பெரும்பாலும் தெரிவதில்லை.

இயல்பான நிலை

மூளையின் கட்டளை நரம்பின் வழியே மின்துடிப்பாக வருகிறது. ஆயினும் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு முனையில், அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் நிறைந்த நுண்பைகள் ஆயத்தமாக உள்ளன. மின்துடிப்பு வந்ததும் கால்சியம் முனைக்குள் புகுகிறது. உடனே சில புரதங்கள் நுண்பையை நரம்பின் சவ்வோடு இணைக்கின்றன. நுண்பை திறந்து அசிட்டைல்கோலின் வெளிப்படுகிறது. அது தசையிலுள்ள ஏற்பிகளில் பொருந்தியதும் தசை சுருங்குகிறது. நாம் இமைப்பதும் மூச்சு விடுவதும் இவ்வாறே.

நஞ்சு தடுக்கும் இடங்கள்

நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு தசையின் ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. கெட்டுப்போன உணவில் உண்டாகும் பொட்டுலினம் நஞ்சு, நுண்பையை இணைக்கும் புரதத்தையே வெட்டுகிறது. கட்டுவிரியன் நஞ்சின் முதன்மைப் பகுதி நரம்பு முனையின் சவ்வைச் சிதைக்கிறது; நுண்பைகள் தீர்ந்துபோய் முனையும் அழிகிறது. ஆகவே கட்டளை வந்தாலும் தசை அசைவதில்லை. மூச்சுத் தசைகளும் செயலிழக்கும்போது உயிருக்கே ஆபத்து நேர்கிறது.

விஷமுறிவு மருந்து குருதியில் உலவும் நஞ்சை மட்டுமே முறிக்கும். அழிந்த நரம்பு முனையை மீட்காது. விரைந்து வருமாறு நாங்கள் வலியுறுத்துவது இதனாலேயே. காரவள்ளி அடிவாரத்திற்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டிய நம் மலையில், வீட்டிலேயே பச்சிலையும் மந்திரமும் பார்த்துக் கழியும் ஒரு மணி நேரம் பேரிழப்பாகும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

உடனே 108-ஐ அழையுங்கள். கடிபட்ட கை, காலை அசையாமல் வையுங்கள். இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் வேண்டா. வாந்தியோ மயக்கமோ இருப்பின் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்து வர வேண்டுவதில்லை. கட்டுவிரியன், நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் இந்தியாவில் ஒரே மருந்தே பயன்படுகிறது.

செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ளவர் கண் திறவாமலும் விரல் அசைக்காமலும் இருக்கலாம். அதனை இறப்பென்றோ மூளைச் செயலிழப்பென்றோ கருதிவிடாதீர்கள். அவருக்கு நினைவு இருக்கலாம். உங்கள் குரலும் கேட்கலாம். அருகில் அமர்ந்து பெயர் சொல்லிப் பேசுங்கள். அவர் காதுபட அவநம்பிக்கையான சொற்களைத் தவிருங்கள். நரம்பு முனைகள் மீண்டும் வளர்பவை. அதற்குச் சில நாள்களோ வாரங்களோ ஆகும். அதுவரை மூச்சைக் காப்பதே எங்கள் பணி.

இன்றிரவு முதல் கட்டிலில் உறங்குங்கள். தரையில் உறங்குவோர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் நன்கு செருகிக்கொள்ளுங்கள்.