பலம் குன்றிய பழைய மோட்டார் வண்டி: அளந்தறிந்து பழுது நீக்கும் முறை

பிறர் பயன்படுத்திய மோட்டார் வண்டியை வாங்குபவர், முந்தைய உரிமையாளரின் கவனத்தையும் அசட்டையையும் அத்துடன் சேர்த்தே வாங்குகிறார். சமதரையில் குறையேதும் புலப்படாத வண்டி, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் செல்லும்போது திணறத் தொடங்குகிறது. மூன்றாம் கியரில் ஏற வேண்டிய மேட்டை இரண்டாம் கியரில் ஏறுகிறது. பெட்ரோல் செலவும் கூடுகிறது. பழுது பார்க்கும் நிலையத்தில் காட்டினால், எஞ்சினை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்ற விடை கிடைக்கக்கூடும். வண்டி வாங்கிய தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடிய இவ்வேலை சில சமயங்களில் உண்மையாகவே தேவைப்படுவதுதான். ஆனால் அடைபட்ட ஒரு வடிகட்டியோ, முழுதும் திறவாத ஒரு தகடோ இதே அறிகுறியை உண்டாக்கக்கூடும். காரணம் எது என்பதை ஊகத்தால் தீர்மானித்தல் ஆகாது. அளந்தே அறிய வேண்டும். அதற்கான முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்காட்டாக அம்பாஸடர் வண்டியைக் கொள்வோம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேய வண்டியை மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்திலுள்ள உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்ட இவ்வண்டியில் நெடுங்காலம் பொருத்தப்பட்டிருந்தது 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின். அதன் நான்கு சிலிண்டர்களில் ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். பிஸ்டனின் வீச்சு 88.9 மில்லிமீட்டர். கார்புரேட்டரும் காண்டாக்ட் பாயிண்டும் கொண்ட எளிய அமைப்பாதலால், எஞ்சினின் பலம் எங்கிருந்து பிறக்கிறது, எங்கே கசிகிறது என்பதை அறிந்துகொள்ள இது மிகவும் ஏற்றது.

பலத்தின் நான்கு தூண்கள்

பெட்ரோல் எஞ்சின் அடிப்படையில் ஒரு காற்று யந்திரம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. போதிய காற்று உட்புக வேண்டும். அதற்குரிய அளவில் பெட்ரோல் கலக்க வேண்டும். அக்கலவை கசியாமல் அமுக்கப்பட வேண்டும். உரிய கணத்தில் தீப்பொறி தோன்ற வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் பலம் இழக்கும். எரிந்த வாயு தடையின்றி வெளியேறுவதும் காற்று உட்புகுவதன் மறுபாதியே. எனவே சோதனை என்பது இந்நான்கையும் ஒழுங்காக ஒவ்வொன்றாக விசாரிப்பதே அன்றி, புதிய உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி மாட்டிப் பார்ப்பது அன்று.

எஞ்சின் குற்றவாளிதானா?

முதலில், எஞ்சின் உண்மையாகவே பலம் குன்றியுள்ளதா என்பதை நிச்சயிக்க வேண்டும். டேராடூனிலிருந்து முசௌரிக்கு ஏறும் வண்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,000 மீட்டர் உயரத்தை அடைகிறது. இதற்குள் காற்றின் அடர்த்தி சுமார் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது; எஞ்சினின் பலமும் ஏறத்தாழ அவ்வளவு குறைகிறது. காற்றின் உஷ்ணம் 15 பாகையிலிருந்து 45 பாகை செல்சியஸுக்கு உயர்ந்தாலும் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறையும். இவை இயற்கையின் விளைவுகள்; இவற்றைப் பழுதென்று கருதலாகாது.

அடுத்து, எஞ்சினில் பிறந்த பலம் சக்கரத்தைச் சென்றடைகிறதா என்று பார்க்க வேண்டும். மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சினின் வேகம் மட்டும் கூடி வண்டியின் வேகம் கூடாவிடில் கிளட்ச் நழுவுகிறது என்பது பொருள். வண்டியைச் சற்றுத் தொலைவு ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையை வைத்துப் பார்த்தால், மற்றவற்றைவிட மிகச் சூடாக இருக்கும் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது விளங்கும். டயரில் காற்றுக் குறைவும் வண்டியை இழுக்கும். இச்சோதனைகளுக்குச் செலவே இல்லை.

காற்றும் எரிபொருளும்

எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்று வடிகட்டியைக் கழற்றி, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்த, மற்றொருவர் கார்புரேட்டரின் வாயை நோக்க வேண்டும். உள்ளிருக்கும் தகடு முற்றிலும் செங்குத்தாக நிற்கிறதா? இணைப்புக் கம்பி தேய்ந்திருந்தாலோ, பெடலின் அடியில் தடித்த விரிப்பு கிடந்தாலோ தகடு பாதியே திறக்கும். சோக் தகடு மூடியபடி சிக்கிக்கொள்வதும் உண்டு. மிக எளிய இச்சோதனையைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

சில கிலோமீட்டர் நன்றாக ஓடியபின் வண்டி பலமிழந்து, சற்று நின்றபின் மீண்டும் சீரடைந்தால், பெட்ரோல் வருகையை ஐயுற வேண்டும். தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தால், பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் வளர்ந்து, பம்ப்பின் இழுவையைத் தடுக்கும். மூடியைத் திறக்கையில் காற்று சீறிக்கொண்டு உட்புகும் ஓசையே இதற்குச் சான்று. துளையைச் சுத்தம் செய்வதோடு இப்பழுது தீர்ந்தது. கோடையில் எஞ்சினின் சூட்டினால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகித் தடை உண்டாவதும் இத்தகைய அறிகுறியையே காட்டும். அப்போது குழாயைச் சூடான பகுதிகளிலிருந்து விலக்கி அமைக்க வேண்டும்.

சைலன்ஸர் உள்ளுக்குள் நொறுங்கி அடைபட்டிருக்கிறதா என்பதை வெற்றிட மானியால் அறியலாம். கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் நல்ல எஞ்சின் மெதுவாக ஓடுகையில் மானி 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை அசையாமல் காட்டும். எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றளவில் நிறுத்தி வைக்கும்போது மானியின் முள் சிறிது சிறிதாகக் கீழிறங்கிக்கொண்டே வந்தால், புகை வெளியேற வழியில்லை என்று கொள்ளலாம்.

தீப்பொறி

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி வைத்துப் பார்த்தல் பெரும்பயன் தரும். முனை வெளிறிய பழுப்பு நிறமாயிருந்தால் எரிதல் செம்மையாக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது தீப்பொறியின் பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியே எண்ணெய் புகுகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது மிகை உஷ்ணம்.

காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளி இவ்வகை எஞ்சினில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அதன் உராயும் பகுதி தேயத் தேய இடைவெளி சுருங்கி, தீப்பொறி தாமதமாகிக்கொண்டே செல்கிறது. மாற்றம் மெல்ல நிகழ்வதால் ஓட்டுநர் அதை உணர்வதில்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார். முதலில் இடைவெளியையும், பின்னர் தீப்பொறியின் காலத்தையும் சரிசெய்ய வேண்டும். இவ்வரிசையை மாற்றினால் செய்த வேலை வீணாகும். ஏனெனில் இடைவெளியை மாற்றும்போது காலமும் மாறிவிடுகிறது.

அமுக்கமே இறுதிச் சாட்சி

இதுவரை கூறியவற்றில் குறை காணப்படாவிடில், எஞ்சினின் உட்புறத்தை விசாரிக்கும் நிலை வருகிறது. முதலில் டாப்பெட் இடைவெளிகளைக் கையேட்டின்படி சரிசெய்து, எஞ்சினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்திய நிலையில், ஸ்டார்ட்டரால் சுழற்றி, அமுக்கமானியால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். பாட்டரி முழுச் சக்தியோடு இருத்தல் அவசியம். நல்ல நிலையிலுள்ள இவ்வகை எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 150 பவுண்டு வரை அழுத்தம் காணலாம். எனினும் எண்ணைவிட ஒப்புமையே முக்கியம். சிலிண்டர்களுக்கிடையே பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது.

அளவுகள் முறையே 130, 128, 85, 132 என்று வந்தனவென்று கொள்வோம். குறை மூன்றாம் சிலிண்டரில். அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயைப் பிளக் துளை வழியே விட்டு மீண்டும் அளக்க வேண்டும். எண்ணெய், பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கும். அளவு 85லிருந்து 120க்கு உயர்ந்தால் ரிங் தேய்ந்துள்ளது. உயராவிடில் வால்வு கசிகிறது. அடுத்தடுத்துள்ள இரண்டு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைந்திருந்தால், அவற்றுக்கிடையே காஸ்கெட் பழுதுற்றிருக்கலாம். இப்பாகுபாட்டின் பயன் பெரிது. வால்வும் காஸ்கெட்டும் எஞ்சினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றிச் சீர்செய்யத் தக்கவை. ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால்தான் எஞ்சினை முழுதும் பிரிக்க நேரும்.

எரிபொருளில் நேர்ந்த மாற்றங்கள்

பழைய வண்டிகளுக்கே உரிய இரு காரணங்களை இங்குக் குறிப்பிட வேண்டும். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. மக்களின் உடல்நலத்துக்கு இது பெரும் நன்மை. ஆனால் ஈயப் படிவு பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்களில் வால்வு இருக்கைகளுக்கு ஒரு மெத்தைபோல் உதவிவந்தது. அது நீங்கியபின், நெடுந்தொலைவு வேகமாக ஓடும் வண்டிகளில் இருக்கை தேய்ந்து வால்வு மேலும் உள்ளே அமிழ, டாப்பெட் இடைவெளி குறைந்து, வால்வு முழுதும் மூடாமல் கருகிவிடுகிறது. கடினமாக்கப்பட்ட இருக்கைகளைப் பொருத்துவதே நிலையான பரிகாரம்.

இரண்டாவது, 2023ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து இன்று நாடெங்கும் பரவியுள்ள, 20 சதவீதம் எதனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எதனாலின் எரிசக்தி பெட்ரோலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. அதற்குத் தேவையான காற்றும் குறைவு. புதிய வண்டிகளின் மின்னணுக் கருவி இதற்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும். கார்புரேட்டரால் அது இயலாது. ஆதலால் கலவையில் எரிபொருள் குறைந்து வண்டி தயங்கக்கூடும். பழைய ரப்பர்க் குழாய்களும் பம்ப்பின் சவ்வும் எதனாலால் ஊறிச் சிதையக்கூடுமாதலால், அவற்றுக்குப் பதிலாக எதனாலைத் தாங்கும் உறுப்புகளை மாட்டுவது பலத்துக்கு மட்டுமன்றித் தீவிபத்தைத் தடுப்பதற்கும் அவசியமாகும்.

சில எச்சரிக்கைகள்

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டலாகாது. வெளிவரும் கார்பன் மோனாக்ஸைடு மணமற்றது, உயிர்க்கொல்லி. பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது அருகில் நெருப்போ தீப்பொறியோ இருத்தலாகாது. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதே மேட்டில், அதே சுமையுடன் ஓட்டிப் பார்த்து, விளைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால், எது குணப்படுத்தியது என்பது ஒருபோதும் தெரியாது.

பழைய வண்டியை வாங்க எண்ணுபவர் விலை பேசுமுன்பே அமுக்கச் சோதனையைக் கேட்டுப் பெறுதல் நலம். அரை மணி நேர வேலை அது. நான்கு எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டவரிடம், தேவையற்ற பெரும் பழுது வேலையைச் சுமத்துவது எளிதன்று. உண்மையாகவே தேய்ந்துபோன எஞ்சினை நல்லதென்று சொல்லி விற்பதும் எளிதன்று.