நாய், பூனை நெஞ்சில் நீர் கோத்தால்

கம்பம் பள்ளத்தாக்கில் தோப்புக் காவலுக்கு நாய் இல்லாமல் முடியாது. கோம்பை ஊரின் பெயரிலேயே ஒரு நாட்டு நாய் இனம் உண்டு. அப்படிப்பட்ட நாய் தீனி எடுக்காமல், படுக்கவும் முடியாமல், முன்னங்கால்களை அகட்டி உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினால் சளி என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சில் நீர் கோத்திருக்கலாம்.

நுரையீரலைச் சுற்றி வழவழப்புக்காகக் கொஞ்சம் நீர் எப்போதும் இருக்கும். அது பெருகினால் நுரையீரல் விரிய இடமிருக்காது. தூங்கும்போது நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விடுவது எச்சரிக்கை. பூனை நோவை மறைத்துக்கொள்ளும்; அது வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மூச்சுத் திணறும் பிராணியை எக்ஸ்ரேவுக்காக மல்லாத்துவது உயிருக்கே ஆபத்து. முதலில் ஆக்சிஜன், பிறகு, இருக்கிற நிலையிலேயே நெஞ்சில் ஸ்கேன். திரையில் நீர் கருப்பாகத் தெரியும். பெரும்பாலும் 7, 8-ஆம் விலாக்களுக்கு இடையே, பின்விலாவின் முன்விளிம்பை ஒட்டி ஊசி ஏற்றுவார்கள். ஏனென்றால், ஒவ்வொரு விலாவின் பின்விளிம்பிலும் ரத்தக் குழாய் ஓடுகிறது. நீரை எடுக்க எடுக்கவே மூச்சு இளகும். மாத்திரையை நம்பி இதைத் தள்ளிப்போடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

எடுத்த நீர்தான் காரணத்தையும் காட்டும். தெளிந்த நீருக்கு இதய நோயோ, ரத்தத்தில் புரதக் குறைவோ காரணமாகலாம். சீழ் என்றால் குழாய் வைத்துக் கழுவி, பல வாரம் ஆன்டிபயாட்டிக். பால் போல வந்தால் நிணநீர்க் கசிவு. இளம்பூனைக்கு மஞ்சளாக, பிசுபிசுப்பாக வந்தால் கொரோனா வகை வைரஸால் வரும் எஃப்ஐபி நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஒருகாலத்தில் கைவிட்ட நோய் அது. ஜிஎஸ்-441524 மருந்தை 84 நாள் கொடுத்துப் பூனைகள் பிழைத்ததைக் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள்.

வயலும் தோப்புமான நம் பகுதியில் மறக்கக் கூடாதது, நீருக்குப் பதிலாக ஊசியில் வரும் உறையாத ரத்தம். புரோமடையலோன் போன்ற எலி மருந்து, ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே சுழற்சியை முடக்குகிறது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் கசியும். அதற்குள் மருந்து வைத்ததையே வீட்டார் மறந்திருப்பார்கள். இப்படி ரத்தம் கோத்தால் மூச்சு விடத் தேவையான அளவு மட்டுமே அதை நெஞ்சிலிருந்து எடுத்து, வைட்டமின் கே1-ஐ வாரக்கணக்கில் தர வேண்டும். எலி மருந்து உறையைக் கையோடு கொண்டுபோங்கள்.

தேனியிலேயே 2020 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கிளம்பும் முன் மருத்துவருக்குப் போன் செய்து, மூச்சுத் திணறல் என்று சொல்லிவிடுங்கள். வழியில் தண்ணீரோ கஞ்சியோ வாயில் ஊற்றாதீர்கள். பூனையைக் காற்றோட்டமுள்ள கூடையில் அது இருக்கும் வாக்கில் விடுங்கள். எடுத்த நீர் மறுபடி சேரக்கூடும். வீடு திரும்பிய பிறகும் தூக்கத்தில் பிராணியின் மூச்சைத் தினமும் எண்ணிக் குறித்து வையுங்கள்.