இரண்டு பிளாக்குகள்

ஆஞ்சியோ முடிந்ததும் "3 பிளாக் இருக்கு, ஒண்ணு 80 சதவீதம்" என்பார்கள். அந்த பிளாக், அடைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமனிச் சுவருக்குள் கொழுப்பும் கால்சியமும் செத்த செல்களும் திரண்டு கிடக்கும் படிவுக்கு ஆங்கிலத்தில் வேறொரு சொல். தமிழில் எழுதினால் அதுவும் பிளாக்தான். வேடிக்கை என்னவென்றால், மருத்துவமும் நெடுங்காலம் அடைப்பை அளந்துவிட்டுப் படிவை அளந்ததாக நினைத்திருந்தது. 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் தொடங்கிவைத்த கரோனரி ஆஞ்சியோகிராம், தமனிக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் அதன் நிழலைப் பிடிக்கிறது. ரத்தம் போகும் வழி தெரியும், சுவர் தெரியாது. படிவு வளர வளரத் தமனி வெளிப்பக்கமாக உப்பி இடம் கொடுக்கும். குறுக்குப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை வழி குறுகாமலே இருக்கலாம் என்று 1987இல் கிளாகோவ் குழு காட்டியது. ஆஞ்சியோவில் 'நார்மல்' என்று வந்த இடத்திலும் சுவருக்குள் கொழுப்பு மண்டியிருக்கலாம்.

மாரடைப்பு பெரும்பாலும் இந்தச் சுவரிலிருந்துதான் கிளம்புகிறது. கொழுப்புத் திரளின் மேல் நார்த்திசு ஒரு மூடிபோல் படர்ந்திருக்கும். அது கிழிந்தால் உள்ளே இருப்பது ரத்தத்தைத் தொடும், ரத்தம் அங்கேயே உறையும். திடீரென இறந்தவர்களின் தமனிகளை ஆராய்ந்தபோது, கிழிந்த மூடிகள் பெரும்பாலும் 65 மைக்ரானுக்கும் மெல்லியவையாக இருந்தன. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன். கிழியக்கூடிய இத்தகைய படிவுக்கு 'வல்னரபிள் பிளாக்' என்று பெயர். மூடி கிழியாமல், தமனியின் உட்படலம் உரிவதாலும் உறைகட்டி உண்டாவதுண்டு, அது தனிக்கதை.

இவ்வளவு மெல்லிய மூடியை உயிரோடிருப்பவரின் இதயத்தில் அளக்க வல்லது ஓசிடி. கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படமெடுக்கும் அதே நுட்பம்தான். 1991இல் அதை அறிமுகம் செய்த ஆய்வுக்கட்டுரையிலேயே விழித்திரையும் கரோனரி தமனியும் பக்கத்துப் பக்கத்தில் இடம்பெற்றன. சுமார் 1 மில்லிமீட்டர் பருமனுள்ள கதீட்டரின் நுனியில் ஓர் ஒளியிழை சுழன்றபடி அகச்சிவப்பு ஒளியைச் சுவரில் பாய்ச்சித் திரும்பி வருவதைப் பதிகிறது. ரத்தம் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால் சாயத்தைச் செலுத்தி அதை ஒரு கணம் ஒதுக்கிவிட்டு, இழையை 2, 3 விநாடிகளில் பின்னுக்கு இழுக்கிறார்கள். திரையில் தமனி வட்ட வட்டமாக வெட்டிய துண்டுகளாக விரிகிறது. கால்சியம் கூரான விளிம்புள்ள இருட்டு. கொழுப்பு விளிம்பு கலங்கிய இருட்டு; அதன்மேல் வெள்ளைக் கோடாக மூடி. 10 முதல் 20 மைக்ரான்வரை பிரித்துக்காட்டும் இந்த ஒளி, ஆழத்தில் 1, 2 மில்லிமீட்டருக்குமேல் போகாது. ஒலியலையில் இயங்கும் ஐவஸ் இதற்கு நேரெதிர்: சுவரின் முழு ஆழத்தையும் காட்டும், மூடியைப் பிரித்துக்காட்டாது. அகச்சிவப்பு நிறமாலைக் கருவி வடிவத்தை விட்டுவிட்டுக் கொழுப்பு இருக்குமிடத்தை மட்டும் மஞ்சளாக வரைந்து தருகிறது.

இனி, மெல்லிய மூடி கண்ணில் பட்டால் அங்கே ஒரு ஸ்டென்ட் வைத்துவிடலாமே என்று தோன்றும். 2011இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வு இந்த ஆசையைக் கலைத்தது. 697 நோயாளிகளிடம் ஐவஸ் மெல்லிய மூடி வகை என்று இனங்கண்ட படிவுகள் ஏறத்தாழ 600. மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அவற்றில் தொல்லை தந்தவை 26. ஐவஸ் மூடியை நேராகப் பார்ப்பதில்லை, ஊகிக்கத்தான் செய்கிறது; கூர்மையான கருவி சரியாகச் சொல்லும் என்று வாதிடலாம். ஓரளவு நியாயம்தான். ஆனால் கருவி கூர்மையானாலும் படிவு அப்படியே நிற்பதில்லை. மூடி தடிக்கும், மெலியும். கிழிந்தும் வலியே தெரியாமல் ஆறிவிடும். ஆறிய கிழிசல்களின் அடுக்குகளைப் பிரேதப் பரிசோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்டென்ட் வேண்டாம் என்பதற்கு, கருவி பற்றிய அந்த வாதத்தைவிட வலுவான மறுப்பு 2024இல் வந்த பிரிவென்ட் ஆய்வு. ரத்த ஓட்டத்தைத் தடுக்காத, ஆனால் ஆபத்தான படிவுகள் உள்ள 1606 பேரில் ஒரு பாதிக்கு மருந்தோடு ஸ்டென்டும் வைத்தார்கள். இரண்டாண்டு முடிவில் இதயத் தொல்லைகள் ஸ்டென்ட் பிரிவில் 0.4 சதவீதம், மருந்து மட்டும் பெற்ற பிரிவில் 3.4 சதவீதம். அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசம் அல்ல. ஆனாலும் மருந்துப் பிரிவில் 100க்கு 96 பேருக்குமேல் ஸ்டென்ட் இல்லாமலே நன்றாக இருந்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்திருந்தது. எண்ணிக்கையில் சேர்த்த தொல்லைகளில் மறுசிகிச்சையும் நெஞ்சுவலிக்காக மருத்துவமனையில் சேர்வதும் அடக்கம். தன் தமனியில் ஆபத்தான படிவு சிகிச்சையின்றி விடப்பட்டிருக்கிறது என்று அறிந்தவர் சிறு வலிக்கும் மருத்துவமனைக்கு ஓடுவார்தானே.

ஆகவே இந்தப் படங்களின் பயன் புள்ளியைக் குறிவைப்பதைவிட ஆளைக் குறிவைப்பதில்தான் அதிகம் என்பது என் கட்சி. பேக்மேன்-ஏஎம்ஐ ஆய்வில் மாரடைப்பு வந்த 300 பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் வீரியமான ஸ்டேட்டின் மாத்திரை கொடுத்து, ஒரு பாதிக்கு அதே நோக்கமுள்ள அலிரோகுமாப் ஊசியும் சேர்த்தார்கள். 52 வாரங்களில் மூடி ஸ்டேட்டினால் மட்டும் 33 மைக்ரான், ஊசியும் சேர்ந்தபோது 63 மைக்ரான் தடித்ததை ஓசிடி அளந்தது. மருந்து போய்ச் சேர்வது ஒரு படிவுக்கு மட்டுமல்ல, எல்லாப் படிவுக்கும். கதீட்டரே நுழைக்காமல் சி.டி. ஸ்கேனில் தமனியைப் பார்த்த ஸ்காட்லாந்தின் ஸ்காட்-ஹார்ட் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 4146 பேரில் ஸ்கேன் எடுத்த பிரிவில் ஐந்தாண்டுகளில் மாரடைப்போ இதய நோய் மரணமோ 2.3 சதவீதம், எடுக்காத பிரிவில் 3.9. ஆஞ்சியோவும் ஸ்டென்டும் பைபாஸும் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நடந்தன. ஸ்கேன் எடுத்தவர்களில் கூடுதலானவர்களுக்குத் தடுப்பு மாத்திரைகள் தொடங்கப்பட்டிருந்தன.