லிப்போ பேட்டரி: காவல் வேலை நம்முடையது

ஆர்சி விமானம், குவாட்காப்டர், ரேஸ் கார் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி கூடவே வரும். "லிப்போ தீப்பிடிக்குமாமே? செல்போன்லயும் அதே லித்தியம்தானே இருக்கு, அது பாட்டுக்குத் தலைமாட்டுல சார்ஜ் ஆகுதே?"

நியாயமான கேள்வி. இரண்டிலும் அடிப்படை ரசாயனம் ஒன்றுதான். வித்தியாசம் காவலில் இருக்கிறது. செல்போன் பேட்டரியின் முனையில் நகம் அளவுக்கு ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். மின்னழுத்தம் ஏறினாலும், ரொம்ப இறங்கினாலும், ஷார்ட் ஆனாலும் அது இணைப்பை வெட்டிவிடும். பொழுதுபோக்கு மாடல்களுக்கான லிப்போவில் பெரும்பாலும் அது கிடையாது. காரணம் இருக்கு. மோட்டார் ஒரே இழுப்பில் 40, 50 ஆம்பியர் கேட்கும். அதைத் தாங்கும் சர்க்யூட் வைத்தால் எடை கூடும். நடுவானில் அது இணைப்பை வெட்டினால் விமானம் கீழே விழும். அதனால் செல்கள், இரண்டு தடித்த ஒயர்கள், பேலன்ஸ் ஒயர்கள், மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான் பேக்.

அந்த சர்க்யூட் செய்ய வேண்டிய வேலையை நாம் செய்யணும். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள்

ஒரு லிப்போ செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். முழு சார்ஜில் 4.2. கீழே 3.0 வரை போகலாம் என்று சொல்வார்கள், ஆனால் 3.5 வந்ததுமே தரையிறங்கிவிடுவது நல்லது. எடுத்து வைக்கும்போது 3.8.

அதிகம் பேர் வைத்திருக்கும் 3எஸ் 2200 பேக்கை எடுத்துக்கொள்வோம். மூன்று செல்கள் தொடராக, மொத்தம் 11.1 வோல்ட். கொள்ளளவு 2.2 ஆம்பியர் அவர். பெருக்கினால் ஏறக்குறைய 24.4 வாட் அவர், அதாவது 88,000 ஜூல். 300 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். ரெண்டு டம்ளர் டீக்கான சூடு உள்ளங்கை அளவு பேக்கில் இருக்கு. தீப்பிடித்தால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டும் சேர்ந்து எரியும், அது தனிக் கணக்கு.

சார்ஜ் வேகத்துக்கு 1சி என்ற கணக்கு பாதுகாப்பானது. 2200 பேக்குக்கு 2.2 ஆம்பியர். லேபிளில் 25சி என்று போட்டிருப்பது பேக்கிலிருந்து எடுப்பதற்கான எண். அதைப் பார்த்து சார்ஜரில் ஆம்பியரை ஏற்றாதீங்க.

பேலன்ஸ் ஒயர் எதற்கு?

தடித்த ஒயரை மட்டும் மாட்டினால் சார்ஜருக்குத் தெரிவது மொத்த மின்னழுத்தம் மட்டும்தான். மூன்று செல்லுக்கு 12.6 வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கும். ஆனால் 4.15, 4.15, 4.30 கூட்டினாலும் 12.6 தான். மூன்றாவது செல் எல்லை தாண்டிவிட்டது, சார்ஜருக்குத் தெரியாது. பழைய பேக்குகளில் செல்கள் இப்படி விலகிப்போவது சகஜம். பேலன்ஸ் ஒயர்தான் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் காட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் அதை மாட்டி, பேலன்ஸ் சார்ஜ் வைப்பதே சரி.

இன்னொன்று, சார்ஜரில் ரசாயன வகையைத் தேர்வு செய்வது. ஒரே சார்ஜர் லிப்போ, நிக்கல், லெட் ஆசிட் எல்லாவற்றுக்கும் வேலை செய்யும். நிக்கல் வகை நிரம்பியதும் மின்னழுத்தம் லேசாக இறங்கும், சார்ஜர் அந்த இறக்கத்துக்காகக் காத்திருக்கும். லிப்போவை அந்த முறையில் போட்டால் இறக்கமே வராது. ஏற்றிக்கொண்டே போகும். ஸ்டார்ட் அழுத்தும் முன் திரையில் வகை, செல் எண்ணிக்கை, ஆம்பியர் மூன்றையும் வாய்விட்டுப் படிப்பது என் பழக்கம்.

உள்ளே என்ன நடக்கிறது?

எல்லை மீறி சார்ஜ் ஏறினால் கிராஃபைட்டுக்குள் இடம் இல்லாமல் லித்தியம் உலோகமாக மேலே படியும். அது முள் மாதிரி வளர்ந்து இரண்டு மின்முனைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பைக் குத்தலாம். ஒரேயடியாக இறக்கினால் வேறு சிக்கல். செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேறு இடத்தில் படியும். இரண்டுக்கும் முடிவு ஒன்றே, உள்ளுக்குள் ஷார்ட். அங்கே சூடு பிறக்கும், சூடு அடுத்த ரசாயன வினையைத் தூண்டும், அது இன்னும் சூட்டைத் தரும். ஏறக்குறைய 130 டிகிரியில் தடுப்பே உருகிவிடும். ஒரு செல் போனால் பக்கத்து செல்லையும் இழுத்துக்கொண்டு போகும்.

வெளிவரும் புகைதான் தீயைவிட மோசம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், எரியக்கூடிய வாயுக்கள் இருக்கும், நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் இருக்கும்.

வேலூர் சொல்வது

2022 மார்ச் மாதம் வேலூர் சின்ன அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தந்தையும் மகளும் இறந்தார்கள். தீக்காயத்தால் இல்லை, புகையில் மூச்சுத் திணறி. அந்தச் சமயத்தில் நாட்டின் வேறு இடங்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு விசாரணைக்குக் குழு அமைத்தது. பேட்டரிக்கான ஏஐஎஸ்-156 தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு 2022 டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தன.

ஸ்கூட்டர் பேட்டரி நம்ம 3எஸ் பேக்கைப்போல நூறு மடங்கு பெரியது. ஆனால் சின்ன அறைக்குள் மூச்சு முட்ட நூறு பேக் தேவையில்லை. ஸ்கூட்டரில் காவல் சர்க்யூட் உண்டு, அதற்கு அரசு விதி உண்டு. நம்ம பேக்கில் சர்க்யூட்டும் இல்லை, மேஜைக்கு வந்து பார்க்கும் அதிகாரியும் இல்லை. ஆகவே வேலூரிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு: வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் கிடையாது, வெளியே போகும் வழியில் சார்ஜ் கிடையாது.

புதுச்சேரி வீட்டில் எங்கே வைப்பது?

பழைய தமிழ்த் தெரு வீடாக இருந்தால் முற்றத்தை ஒட்டிய சிமென்ட் தரை அருமையான இடம். மேலே திறந்திருக்கும், புகை நிற்காது. ஃபிளாட் என்றால் நேர் வெயில் படாத பால்கனி. திரைச்சீலை, மெத்தை, துணிக்கூடை, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வேண்டாம்.

பேக்கை வைக்க வில்லியனூர் பக்கம் கிடைக்கும் சுடுமண் தொட்டி போதும். அடியில் மணல் போட்டு, பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணலும் வையுங்க. பீச் மணல் வேண்டாம். அதில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து முனைகளை அரிக்கும். கடையில் விற்கும் லிப்போ பை தீயைக் கொஞ்சம் தடுக்கும், புகையைத் தடுக்காது. இறுக்கி மூடிய இரும்புப் பெட்டி இன்னும் ஆபத்து, வாயு வெளியேற வழி இல்லாமல் அழுத்தம் ஏறும்.

கடற்காற்று கனெக்டர்களையும் விடாது. பச்சை பூத்த கனெக்டரில் மின்தடை கூடி, ஓட்டும்போது சூடாகும். மாதம் ஒருமுறை பார்த்து, நிறம் மாறியதை மாற்றிவிடணும்.

கத்திரி வெயிலில் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டலாம். பேக்கை அங்கே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீங்க. பறந்து இறங்கிய பேக் சூடாக இருந்தால், கையில் குளிர்ந்தது தெரிந்த பிறகுதான் சார்ஜ்.

எடுத்து வைப்பதற்கு சார்ஜரில் ஸ்டோரேஜ் என்றே ஒரு முறை இருக்கும். அது செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தும். ரெண்டு மூணு நாளில் பறக்கப்போவதில்லை என்றால் அதில் போடுங்க. முழு சார்ஜும் நம்ம ஊர்ச் சூடும் சேர்ந்தால் பேக் சீக்கிரம் உப்பும்.

உப்பிய பேக், அடிபட்ட பேக்

உப்பலுக்குள் இருப்பது எலக்ட்ரோலைட் சிதைந்து வந்த வாயு. குத்தி வெளியேற்றும் வேலையே வேண்டாம். அதை மறுபடி சார்ஜும் ஏற்ற வேண்டாம். கீழே விழுந்து நசுங்கிய பேக்கை உடனே பையில் போடாமல், திறந்த வெளியில் ஒரு மணி நேரமாவது வைத்துப் பாருங்க. உள்காயம் தாமதமாகவும் தீயாகலாம்.

சார்ஜில் இருக்கும்போதே உப்பினாலோ சீறினாலோ முதலில் சுவர் ஸ்விட்சை அணையுங்க. எரியும் பேக்கைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடக்கூடாது. எட்ட நின்று மணலைக் கொட்ட முடிந்தால் கொட்டலாம். முடியாவிட்டால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101. 'லித்தியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும்' என்ற பயம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. புது லிப்போவில் லித்தியம் தனி உலோகமாக இல்லை. மின்சாரம் நிறுத்தியபின் நிறையத் தண்ணீர் ஊற்றுவது சூட்டைத் தணித்து, பக்கத்துப் பொருட்கள் எரியாமல் காக்கும்.

காலாவதியான பேக்கை வெளியில் வைத்து, கண்காணித்தபடி, 12 வோல்ட் பல்ப் மாட்டி மெல்ல முழுதாக இறக்கி, முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்க. குப்பை வண்டியில் போட்டால் நசுங்குவது வண்டிக்குள், பக்கத்தில் நிற்பவர் துப்புரவுத் தொழிலாளி. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. வாங்கும் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

விமானப் பயணம் என்றால் உதிரி பேட்டரி கைப்பையில் மட்டும், முனைகள் மூடி. 100 வாட் அவருக்குள் இருந்தால் பொதுவாக அனுமதி உண்டு, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். நம்ம 24.4 தாராளமாக உள்ளே வரும்.

1சி-யில் ஒரு பேக் நிரம்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் பக்கத்தில் விழித்திருக்க ஆள் இல்லையென்றால், அன்றைக்கு சார்ஜ் போட வேண்டாம். விமானம் அடுத்த ஞாயிறு பறக்கும்.