வாங்கிய பின் வளரும் கருவி

மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட் 2023 அக்டோபரில் 499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதை மாட்டிக்கொண்டு தங்கள் கையைப் பார்த்தவர்களில் பலரும் சொன்ன குறை, கையைச் சுற்றி அறை நெளிகிறது என்பது. கைப்பேசியை முகத்துக்கு நேரே தூக்கினால் அதன் விளிம்பு அலையும். பின்னால் இருக்கும் கதவு நிலையும் சேர்ந்து வளையும். 2024 ஜூனில் வந்த 66ஆம் பதிப்பு அப்டேட் அந்த நெளிவைக் கண்ணுக்குத் தெரியும்படி குறைத்தது. கருவிக்குள் ஒரு திருகுகூட மாறவில்லை. லென்ஸ், கேமரா, சிப் எல்லாம் பழையவையே.

இது எப்படி முடிந்தது? முதலில் நெளிவு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இந்த ஹெட்செட்டைப் போட்டவர் அறையை நேரடியாகப் பார்ப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பது மூடிய பெட்டி, அதற்குள் திரை. முகப்பில் உள்ள இரண்டு வண்ணக் கேமராக்கள் எடுக்கும் படம் அந்தத் திரையில் ஓடுகிறது. இதற்குப் பாஸ்த்ரூ என்று பெயர். கேமரா கண்ணுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்பதுதான் வம்பு. ஒரு கண்ணை மூடி, முகத்தருகே விரலை நிறுத்தி, தலையைச் சற்று முன்னே கொண்டுபோய்ப் பாருங்கள். விரல் சட்டென்று பெருத்துவிடும். எதிர்ச்சுவர் அப்படியே இருக்கும். கேமரா பார்த்ததை அப்படியே காட்டினால் நம் கை நமக்கே அளவு பிசகித் தெரியும். மேசைமேல் இருக்கும் டம்ளரை எடுக்கப் போனால் தட்டிவிடுவோம்.

ஆகவே மென்பொருள், படத்தின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, கண் இருக்கும் இடத்திலிருந்து அது எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி மறுபடி வரைகிறது. சுவரும் மேசையும் அசையாதவை, அவற்றில் பெரிய தொல்லை இல்லை. கை அப்படியல்ல. அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. கை மறைப்பதால் கேமராவுக்குத் தெரியாத சுவரின் ஒரு துண்டு, கண் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிந்தாக வேண்டும். அந்தத் துண்டை மென்பொருள் ஊகித்துத்தான் நிரப்ப முடியும். விரலின் ஓரத்தில் தூரக் கணக்கு இம்மி பிசகினாலும் சுவரின் புள்ளிகள் விரலோடு சேர்ந்து இழுபடும். திரை வினாடிக்கு 90 முறை புதுப்பிக்கப்பட்டால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 11 மில்லிசெகண்ட். தாமதித்தால் தலை சுற்றும். ஆப்பிள் தன் விஷன் புரோ ஹெட்செட்டில் கேமரா, சென்சார் வேலைகளுக்கென்றே ஆர்1 என்ற தனிச் சிப்பை வைத்தது. கேமராவில் விழுந்த காட்சி 12 மில்லிசெகண்டில் திரைக்கு வந்துவிடும் என்கிறது அந்த நிறுவனம். விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 3,499 டாலர். ஏழில் ஒரு பங்கு விலைக்கு விற்ற மெட்டா, இருக்கும் சிப்பை வைத்துக்கொண்டே கணக்கைத் திருத்தியாக வேண்டியிருந்தது.

விமானப் பயணத்துக்கான அப்டேட் எனக்கு இதைவிடச் சுவாரசியமானது. தலை எங்கே திரும்புகிறது என்பதை ஹெட்செட் இரண்டு வழிகளில் அறிகிறது. உள்ளே இருக்கும் இயக்க உணரி வேகமாற்றத்தையும் சுழற்சியையும் அளக்கிறது. கேமராக்கள் சுற்றியிருக்கும் மூலை முடுக்குகளை அடையாளம் வைத்துக்கொள்கின்றன. வீட்டில் இரண்டும் ஒன்றையே சொல்லும். விமானம் திரும்பும்போது மட்டும் ஒத்துப்போகாத இரண்டு சாட்சிகள்போல ஆகிவிடுகின்றன. ‘திரும்புகிறோம்’ என்கிறது உணரி, ‘இருக்கை, ஜன்னல் எல்லாம் அசையவே இல்லை’ என்கிறது கேமரா. குழம்பிய மென்பொருள், எதிரே மிதக்கும் சினிமாத் திரையைப் பக்கத்து இருக்கைக்காரர் தலைக்கு மேல் நகர்த்திவிடும். 2024 மே மாதம் 65ஆம் பதிப்பில் மெட்டா கொண்டுவந்த பயண முறை, விமானத்தின் அசைவைப் பிரித்து ஒதுக்கக் கற்றுக்கொண்டது. விஷன் புரோவில் விமானத்துக்கான வசதி முதலிலேயே இருந்தது. ரயிலுக்கு, 2024 செப்டம்பரில் அதன் இயங்குதளத்தின் புதுப் பதிப்பாக வந்த விஷன்ஓஎஸ் 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ரயிலில் ஜன்னலுக்கு வெளியே மரமும் கம்பமும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே கேமரா சாட்சியும் அங்கே கெட்டுப்போகலாம்.

விற்ற கருவியை அப்டேட்டால் வளர்க்கும் இந்த வழக்கம் புதிதல்ல. 2019 மே மாதம் வந்த முதல் குவெஸ்ட்டில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் எதுவும் நடக்காது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த அப்டேட், அறையைக் கண்காணிக்கவென்று வைத்த கறுப்பு வெள்ளைக் கேமராக்களைக் கொண்டே விரல்களை அடையாளம் காணத் தொடங்கியது. குவெஸ்ட் 2 விற்பனைக்கு வந்தபோது அதன் திரை வினாடிக்கு 72 முறை புதுப்பித்தது. அப்டேட்கள் அதை 90 ஆக்கி, பிறகு 120 ஆக்கின. திரைக்கு அந்தத் திறன் ஏற்கெனவே இருந்தது; திறந்துவிடத்தான் நாளானது. 2025 செப்டம்பரில் வந்த விஷன்ஓஎஸ் 26இல், சுவரில் ஒரு கடிகாரத்தை ஒட்டிவிட்டுப் போனால் மறுபடி மாட்டும்போதும் அது அதே சுவரில் இருக்கும். கேட்க எளிது, அறையை நினைவில் வைத்து மறுபடி அடையாளம் காண்பது எளிதல்ல.

இவற்றையெல்லாம் ‘புதிய வசதி’ என்று நிறுவனங்கள் கொண்டாடுவதில் எனக்கு முழுச் சம்மதமில்லை. நெளியாமல் கையைக் காட்டுவது முதல் நாளே பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய சரக்கு. பாதி அப்டேட்கள் பழைய பாக்கியைத் தவணையில் அடைப்பவை. எடையோ அடைபடாத பாக்கி: குவெஸ்ட் 3இன் 515 கிராமை எந்தப் பதிப்பும் குறைக்காது. மங்கிய வெளிச்சத்தில் சின்னக் கேமராவில் ஏறும் புள்ளிக் கொசகொசப்பையும் கணக்கால் ஓரளவுதான் துடைக்க முடியும்.

வேண்டுமென்றே தாமதித்தவையும் உண்டு. கேமரா பார்க்கும் படத்தைப் பிறர் எழுதும் செயலிகள் எடுத்துக்கொள்ள மெட்டா நெடுநாள் விடவில்லை. அறையின் வடிவத்தை மட்டுமே அவற்றுக்குச் சொன்னது. பயனரின் அனுமதியோடு படத்தையும் தரும் வழி 2025இல்தான் திறந்தது. ஒருவர் வீட்டுக் கூடமும் படுக்கையறையும் அதில் தெரியும் என்பதால் இந்தத் தயக்கம் நியாயமானதே.

மென்பொருளால் வளர்வது மென்பொருளால் சாகவும் செய்யும். ஹெச்பி, சாம்சங், ஏசர் போன்ற நிறுவனங்கள் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மென்பொருள் தளத்தை நம்பி ஹெட்செட்கள் செய்தன. அந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட் அதை அடியோடு நீக்கியது. 2020இல் வந்த ஹெச்பி ரிவெர்ப் ஜி2வின் திரையும் லென்ஸும் பழுதில்லாமல் இருக்க, கணினி அதை அடையாளம் காண மறுத்தது. 2025இல் ஒரு பொறியாளர் தன் சொந்த முயற்சியில் ‘ஒயாசிஸ்’ என்ற டிரைவரை எழுதி இலவசமாக வெளியிட்ட பிறகு, என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில் மட்டும் அந்த ஹெட்செட்கள் மறுபடி ஓடுகின்றன.